பரிகாரம்

பிராது ஒன்றின் கடைசித் தாளைப் புரட்டினால், வழக்கின் கதையெல்லாம் சொல்லி ஓய்ந்தபின், வாதி கோரும் ‘பரிகாரம்’ இன்னதென்று எழுதியிருக்கக் காணலாம். ஜோசியர் வீட்டுத் திண்ணையில் கிரக தோஷத்துக்குச் சொல்லப்படும் அதே சொல், வாக்குத் தவறிய வியாபாரியின்மேல் தொடுக்கும் வழக்கிலும் வந்து அமர்ந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

வடமொழியில் ‘பரிஹாரம்’ என்பதற்கு விலக்குதல், நீக்குதல் என்பன பொருள். பல்லவ மன்னர் பிரமதேயமாக நிலம் ஈந்தபோது, அதற்கு இன்னின்ன இறை இல்லையென்று செப்பேட்டில் அடுக்கிய விலக்குகளுக்குப் பரிஹாரம் என்றே பெயர். ஹீரஹடகள்ளிச் செப்பேடு 18 வகைப் பரிஹாரங்களைக் குறிக்கிறது. இறையை விலக்கிய சொல்லே பாவத்தையும் பிணியையும் விலக்குவதற்கும் வழங்கிற்று. யாழ்ப்பாணத்தார் நாட்டு வைத்தியரைப் பரிகாரி என்றும், பேச்சு வழக்கில் பரியாரி என்றும் அழைப்பர்.

நியாயஸ்தலத்துப் பரிகாரமோ முறிந்த உடன்படிக்கையை முறியாததாக்குவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 73-ஆம் பிரிவுக்கு உதாரணமாக வெடியுப்பை எடுத்துக்கொள்கிறது: 50 மணங்கு வெடியுப்பைப் பேசிய விலைக்குத் தருவதாக உடன்பட்டவன் தராது போனால், தரவேண்டிய நாளில் அதே தரத்துச் சரக்கை வாங்க எவ்வளவு கூடுதலாகும் என்று கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை நஷ்ட ஈடாகப் பெறலாம். வெடியுப்பு வேறு கடையிலும் கிடைக்கும். ஆனால் கிணறும் நாலு தென்னையுமாக ஒருவன் ஆசைப்பட்டு அச்சாரம் கொடுத்த காணிக்கு இணையான காணி எந்தக் கடையிலும் கிடையாதாகையால், பணத்தோடு நில்லாமல், கிரயப் பத்திரத்தையே எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிடுவதற்கு 1877-லும் பின்னர் 1963-லும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. செய்யேன் என்று வாக்களித்ததைச் செய்ய முனைபவனைத் தடுக்கத் தடையுத்தரவும் உண்டு.

ஆகவே, தோஷ பரிகாரம் குற்றம் செய்தவனை நோக்கியது. கோர்ட்டுப் பரிகாரம் இழந்தவனை நோக்கியது. மீறியவனைத் தண்டிப்பது அதன் கருத்தன்று. வாக்கு நிறைவேறியிருந்தால் மற்றவன் எந்நிலையில் இருந்திருப்பானோ, பணத்தால் இயன்றமட்டும் அந்நிலைக்கு அவனைக் கொண்டுவருவதே கருத்து. இவ்வகையில் நம் சொல் ஜோசியரைவிடப் பரியாரிக்கே நெருங்கியது. அவர் மருந்தோடு பத்தியமும் சொல்வாரல்லவா? சட்டமும் அப்படியே: வேறிடத்தில் சரக்கு கிடைக்கையில் வாங்காமல் கைகட்டி உட்கார்ந்து, நஷ்டத்தை வளரவிட்டவனுக்கு, வளர்ந்த அந்தப் பங்குக்குப் பரிகாரம் இல்லை.