உயர்கல்வி: சிலர்க்குரியதும் பலர்க்குரியதும்

உயர்கல்வியைத் தெரிந்தெடுத்த சிலர்க்குரிய பயிற்சியாகக் கொள்வது ஒரு நோக்கு. குலமும் பொருளும் பாராது திரளான ஜனங்களுக்கு அதனைத் திறந்துவிடுவது மற்றொன்று. உரிய வயதினரில் நூற்றுக்கு 15 பேர் வரை பயில்வதை முன்னதன் எல்லையாகவும், 15 முதல் 50 வரை பயில்வதைப் பின்னதன் எல்லையாகவும் அமெரிக்க சமூகவியலறிஞர் மார்ட்டின் டிரோ 1973-இல் வகுத்தார்.

ஒரு சிறு வகுப்பாரைப் பயிற்றினால் போதும், அறிவு அவர்கள் வழியே ஏனையோரை எட்டும் என்ற மெக்காலேயின் 1835-ஆம் ஆண்டுக் கருத்தின் நிழலிலேதான் 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள், யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் ஆகிய இருவரே.

இதற்குச் சான்றாகத் தென்தமிழ்நாட்டின் நெசவூராகிய சங்கரன்கோவிலைக் கொள்ளலாம். அவ்வட்டாரத்தார்க்கு அக்காலத்தில் கல்லூரி என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருநெல்வேலியும் பாளையங்கோட்டையுமே. இந்துக் கல்லூரியும், தூய யோவான் கல்லூரியும், 1923-இல் எழுந்த தூய சவேரியார் கல்லூரியும் பிரசித்தி பெற்றவை. ஆயினும் தறிக்குழியில் தந்தை அமர்ந்திருக்க, அருகே தார் சுற்றிக் கொடுக்கும் மகன் வெளியூருக்குப் படிக்கப் போவதென்றால், சம்பளத்தோடும் விடுதிச் சாப்பாட்டுச் செலவோடும் அவனது கைவேலையையும் அக்குடும்பம் இழக்க வேண்டியிருந்தது. தகுதி என்று அந்நாளில் அளக்கப்பட்டதில் இவ்விழப்பைத் தாங்கும் வல்லமையும் கலந்திருந்தது என்பதை மறத்தல் நியாயமன்று.

காமராசர் காலத்து இலவசப் பள்ளிக் கல்வியே இந்நிலையைப் பெயர்த்தது. பின்னர் மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியும், 1990-இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், அதன் உறுப்பாகச் சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே மனோ கல்லூரியும் எழுந்தன. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது; பஸ் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வீட்டில் கையேந்தாத மாணவி படிப்பை நடுவில் நிறுத்துவது அரிது. 2021-22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 47 ஆயிற்று.

கூட்டம் பெருகியதால் தரம் தாழ்ந்தது என்பாரின் வாதம் காரணத்தை இடம் மாற்றிச் சொல்வதாகும். மாணவர் பெருகிய அளவுக்கு நிரந்தர ஆசிரியர் பெருகவில்லை. தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே பல அரசுக் கல்லூரிகளில் வகுப்புகள் நடக்கின்றன. ஆகவே அரசாங்கம் முதற்கண் செய்யத்தக்கது, காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்புதலேயாம்.