உருக்கை இணைத்த வரலாறு

ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய நம் பெரியவர்கள் பலர், ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் தலைக்கு மேல் விரிந்து கிடக்கும் வெண்ணிறக் கூடாரங்களைப் பற்றி வியந்து கூறக் கேட்டிருக்கிறோம். பாலைவனத்துக் கூடாரங்களை நினைவூட்டும் அந்த 210 துணிக்கூரைகளும் உயர்ந்த உருக்குத் தூண்களிலிருந்து உருக்கு வடங்களால் தொங்குகின்றன. 1981-இல் திறக்கப்பெற்ற அம்முனையத்தின் கட்டமைப்பை வகுத்த பொறியாளர், 1929-இல் டாக்காவில் ஒரு வங்காள முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் ஆவார். 1982 மார்ச் மாதத்தில் அவர் காலமானதும் அதே ஜித்தா நகரில்தான்.

வானளாவிய கட்டடங்களை எழுப்பியவர் என்று அவரை உலகம் போற்றுகிறது. ஆனால் உருக்குக் கட்டடத்தின் உயிர் அதன் உயரத்தில் இல்லை. ஓர் உருக்குத் துண்டு இன்னொன்றோடு சேரும் மூட்டிலேயே இருக்கிறது. அந்த மூட்டுகளின் வரலாறு நாம் அறிந்துகொள்ள வேண்டியதொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பை இணைக்க ரிவெட் எனும் தறையாணியே பெருவழக்காக இருந்தது. உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, ஒருபுறம் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபுறம் சம்மட்டியால் அடித்துக் கொண்டை செய்வார்கள். ஆணி குளிர்ந்து சுருங்கும்போது தகடுகளை இறுகக் கவ்விக்கொள்ளும். 1889-இல் பாரிஸில் எழுந்த ஈபில் கோபுரத்தின் 18,038 உறுப்புகளை இணைத்தவை சுமார் 25 இலட்சம் தறையாணிகள். 1943-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட நம் கல்கத்தா ஹௌரா பாலமும், 26,500 டன் உருக்கைத் தறையாணிகளாலேயே பிணைத்து எழுப்பப்பட்டதாகும்.

தறையாணி நம்பிக்கைக்குரியது, ஆனால் செலவு மிகுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் குழுவாக நின்று உழைக்க வேண்டும். எனவே மின்சாரத்தின் வெப்பத்தால் உலோகத்தை உருக்கி ஒன்றாக்கும் வெல்டிங், அதாவது பற்றவைப்பு, தோன்றியபோது பொறியாளர்கள் அதனை ஆவலுடன் வரவேற்றனர். போலந்து நாட்டின் ஸ்டீபன் பிரிலா வகுத்த மௌஜிட்சே பாலம் 1929-இல் முடிந்தது. முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்ட முதல் சாலைப் பாலங்களில் ஒன்று அது. இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது.

ஆனால் புதிய முறைக்கும் ஒரு கசப்பான பாடம் காத்திருந்தது. 1938 மார்ச் 14 அன்று பெல்ஜியம் நாட்டின் ஹாசெல்ட் நகரில், ஆல்பர்ட் கால்வாயின் மீது கட்டப்பட்டிருந்த பற்றவைத்த பாலம், பேரொலியோடு விரிசல் கண்டு நீரில் வீழ்ந்தது. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் அமைதியான நீரில் கட்டிக் கிடந்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. புயலுமில்லை, மோதலுமில்லை. குளிரில் அந்த உருக்கு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார் பின்னர் விளக்கினார். தறையாணியால் இணைத்த தகட்டில் தோன்றும் விரிசல் அத்தகட்டின் விளிம்போடு பெரும்பாலும் நின்றுவிடும். பற்றவைத்த தகடுகளோ ஒரே உடலாகிவிடுவதால், ஓரிடத்தில் பிறந்த விரிசல் முழு நீளமும் ஓடிவிடுகிறது. ஒற்றுமையே வலிமை என்போம். இங்கே அந்த ஒற்றுமையே தீங்குக்கும் வழியாயிற்று.

இதே காலத்தில் போல்ட், அதாவது மரையாணி, புதுப்பிறவி எடுத்தது. வலிமை மிகுந்த உருக்கால் மரையாணி செய்து நட்டை மிக இறுக்கமாக முறுக்கினால், தகடுகள் ஒன்றையொன்று அழுத்தும் உராய்வே சுமையைத் தாங்கும் என்று 1930-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் காட்டின. 1951-இல் அமெரிக்காவில் இதற்கான முதல் விதிமுறை வெளியாயிற்று. அதன்பின் கட்டடக் களங்களில் தறையாணியின் சம்மட்டியோசை படிப்படியாக அடங்கியது.

வெல்டிங், போல்ட் இரண்டையும் அவ்வவற்றுக்குரிய இடத்தில் பயன்படுத்தும் நுட்பத்தைக் கானின் பணியில் காணலாம். சிக்காகோவில் 1973-இல் உச்சியை எட்டிய 110 மாடிச் சியர்ஸ் கோபுரத்தில், இரண்டு மாடி உயரத் தூணையும் அதன் இருபுறமும் நீளும் பாதி உத்தரங்களையும் தொழிற்சாலைக்குள்ளேயே பற்றவைத்து, கிளைவிட்ட மரம்போல் ஆக்கிக் கொண்டுவந்தனர். களத்தில் ஒரு மரத்தின் கிளையை அடுத்த மரத்தின் கிளையோடு நடுவில் போல்ட்டால் பூட்டினர். காற்று கட்டடத்தைத் தள்ளும்போது உத்தரத்தின் வளைவுவிசை தூணருகே மிகுதி. நடுவிலே ஏறக்குறைய இல்லை. ஆகவே கடினமான மூட்டு, மழையும் காற்றும் இல்லாத பட்டறையில், நல்ல வெளிச்சத்தில், சோதித்துப் பார்க்கும் வசதியோடு செய்யப்பட்டது. வானத்தின் உயரத்தில் நின்று செய்ய வேண்டியதோ எளிய மூட்டாக அமைந்தது. உழைப்பவனின் நிலையறிந்து வகுத்த திட்டம் இது.

இத்தகைய கவனம் தவறிய இடங்களும் உண்டு. நியூயார்க்கில் 1977-இல் முடிந்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம், மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்த காரணத்தால், மூலைகளில் தூண் இன்றி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உயர்ந்த தூணின்மேல் நின்றது. வில்லியம் லெமெஷூரியர் என்ற புகழ்பெற்ற பொறியாளர் அதன் சாய்வுத் தாங்கிகளின் மூட்டுகளைப் பற்றவைக்க வேண்டுமென்று வகுத்திருந்தார். செலவைக் குறைக்க அவை போல்ட் மூட்டுகளாக மாற்றப்பட்டன. அவரது அலுவலகமே அதற்கு இசைந்தது. தமக்கு அது பின்னரே தெரியவந்தது என்பது அவர் கூற்று.

1978-இல் ஒரு மாணவரின் வினாவையொட்டி, மூலைவாட்டமாக வீசும் காற்றுக்கு அவர் மறுகணக்குப் போட்டார். தாங்கிகளில் விசை 40 சதவிகிதம் கூடியது; மூட்டுகளிலோ 160 சதவிகிதம் கூடியது. ஏன் இந்த வேறுபாடு? கட்டடத்தின் எடை தாங்கியை அழுத்துகிறது. காற்று அதை இழுக்கிறது. இழுப்பு 100, அழுத்தம் 75 என்று கொள்வோம். மூட்டுக்கு மிஞ்சுவது 25. இழுப்பு மட்டும் 140 ஆனால் மிஞ்சுவது 65. அதாவது, முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

லெமெஷூரியர் தம் புகழுக்கு நேரும் இழுக்கை எண்ணித் தயங்கினாலும், இறுதியில் உரிமையாளரிடம் உண்மையைக் கூறினார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல், அலுவலர்கள் வீடு திரும்பிய பின் இரவு தோறும், 200-க்கு மேற்பட்ட மூட்டுகளின்மேல் இரண்டு அங்குலத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. செப்டம்பரில் நகரை நோக்கி வந்த எல்லா என்னும் புயல் கடல்பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் சுற்றிலும் வாழ்ந்தவர்களுக்கும் ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை. 1995-இல்தான் செய்தி வெளியாயிற்று. ஆபத்தின் அளவு குறித்துப் பின்னாளில் கருத்து வேறுபாடுகள் எழுந்ததுண்டு. தவற்றை ஒப்புக்கொண்ட துணிவைப் பாராட்டும் நாம், அந்த மௌனத்தைப் பாராட்ட இயலாது.

மூன்றே ஆண்டுகளில் நேர்ந்த மற்றொரு மூட்டின் கதை பெருந்துயரில் முடிந்தது. அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் கூடத்தில், நான்காம் மாடி நடைபாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் மாடி நடைபாலமும் கூரையிலிருந்து தொங்கின. ஒரே நீண்ட கம்பி இரண்டையும் ஊடுருவித் தாங்க வேண்டுமென்பது முதல் திட்டம். நீண்ட கம்பியில் மரை வெட்டுவது தொல்லை என்பதால், இரு துண்டுக் கம்பிகளாக அது மாற்றப்பட்டது. மேல்பாலம் கூரையில் தொங்கியது. கீழ்ப்பாலம் மேல்பாலத்தில் தொங்கியது.

வீட்டிலே ஒரே சங்கிலியின் இரு வளையங்களில் இரு விளக்குகளைத் தனித்தனியே மாட்டுவதற்கும், மேல்விளக்கின் அடியில் கீழ்விளக்கைக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடே இது. சங்கிலிக்குச் சுமை ஒன்றுதான். மேல்விளக்கின் கொக்கிக்கோ சுமை இரட்டிப்பு. முதல் திட்டத்து மூட்டே விதிமுறை கோரிய வலிமையில் சுமார் 60 சதவிகிதம்தான் கொண்டிருந்தது; மாற்றம் அதையும் பாதியாக்கியது. 1981 ஜூலை 17 மாலை, மக்கள் நடன நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த வேளையில், மேல்பாலத்தின் பெட்டி உத்தரத்தைக் கிழித்துக்கொண்டு நட்டு வெளியேறியது. இரு பாலங்களும் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். 200-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். விசாரணையில் பட்டறை வரைபடம் எடுத்துப் பார்க்கப்பட்டது. பொறியாளரின் முத்திரை அதில் இருந்தது. அந்த மூட்டுக்கான கணக்கோ எவராலும் போடப்பட்டிருக்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் தம் உரிமத்தை இழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் போல்ட்டோ வெல்டிங்கோ குற்றவாளி அன்று. வகுத்தவருக்கும் செய்தவருக்கும் இடையே ஒரு மாற்றம் வந்தது. ‘இது மற்றவர் பார்த்திருப்பார்’ என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டனர். உருக்கின் மூட்டு தளர்வதற்கு முன்பே மனிதரிடையே இருந்த பொறுப்பின் மூட்டு தளர்ந்துவிட்டது.

நம் குடும்பங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று, பற்றவைப்பவராகவும் பொருத்துநராகவும் மேற்பார்வையாளராகவும் உழைக்கும் இளைஞர் பலர். ஒருமுறை வண்ணம் பூசிவிட்டால் அவர்கள் கைவேலையை எவரும் காண்பதில்லை. ஆயினும் அதன் கீழே நடப்பவர் உயிர் அந்த மூட்டிலே அமானிதமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் ஒரு மாற்றம் வரும்போது, “இதற்குக் கணக்குப் பார்த்தாயிற்றா?” என்று கேட்கத் தயங்காதிருப்பது அவர்களுக்கு நாம் சொல்லி அனுப்ப வேண்டிய புத்திமதியாகும். கான்சஸ் நகரில் அந்த ஒரு வினா உரிய நேரத்தில் விடை பெற்றிருந்தால், அன்று மாலை கூடியிருந்தோர் அனைவரும் வீடு திரும்பியிருப்பர்.