ஓதுவதும் படிப்பதும்

தமிழனுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது என்பது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம்மிடையே ஏறக்குறைய ஒரு மதநம்பிக்கை. அச்சிட்ட முன்னூறு பிரதிகளில் பாதி கட்டிலுக்கு அடியில் கிடப்பதை அதற்குச் சாட்சியாகக் காட்டுவோம். நம் பத்திரிகை விற்கவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. யார் எதை எப்படிப் படித்தார்கள், படித்தபின் என்ன செய்தார்கள் என்ற தடயங்களைத் தேடாமலேயே 'வாசகன்' என்ற ஒருவனை விமர்சனத்தில் சிருஷ்டித்து வைத்திருக்கிறோம். தனியாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் படிப்பவன் அவன். அவனுக்கு வயது அதிகமில்லை.

இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 1792ல் திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்த பாராமகாலில் ஏழு வருஷம் வருவாய் நிர்வாகம் பார்த்தவர் தாமஸ் மன்றோ. பிற்பாடு கவர்னரானதும், 1822ல், ஜில்லா கலெக்டர்கள் எல்லோரிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826ல் அவர் எழுதிய குறிப்பில் சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று இருக்கிறது. அன்று நம்மிடம் கல்வி இருந்ததற்கும் இல்லாததற்கும் இதே எண்களை மேற்கோள் காட்டிச் சண்டை போட்டாகிவிட்டது. எனக்கு எண்களைவிட முக்கியமாகப் படுவது, பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823ல் அனுப்பிய அறிக்கை. பள்ளியில் படிக்கிற செய்யுளின் பாஷை பேச்சு பாஷையிலிருந்து விலகியது, பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்று அவர் குறைப்படுகிறார். குறை நியாயமானதுதான். ஆனால் அன்று படிப்பு என்பது என்னவாக இருந்தது என்பதையும் அவர் தம்மை அறியாமலே சொல்லிவிடுகிறார். முதலில் குரல். அர்த்தம் பின்னால் வரும். அதைச் சொல்வது வேறொருவருடைய வேலையாகவும் இருக்கலாம்.

கன்னடத்தில் படிப்பதற்குச் சாதாரணச் சொல் 'ஓது'. நமக்கு அது தேவாரத்துக்கும் வேதத்துக்கும் மட்டும் என்று ஒதுங்கிவிட்டது. நாம் சொல்கிற 'வாசி' வாத்தியத்துக்கும் பொருந்தும் சொல். அதற்குள்ளும் ஒலி இருக்கிறது. இரண்டு பாஷையும் தெலுங்கும் காதில் விழுகிற ஓசூரில் பாங்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அகராதி விஷயம் அல்ல. செலானை முகத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி, முணுமுணுத்தே படிக்கிற பெரியவர்களை நான் வாரத்தில் ஐந்து நாளும் பார்க்கிறேன்.

திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கிற மாதங்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். பகலில் பிரசங்கி வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்கிறார். இரவில் அதே கதை கூத்து. கடைசியில் படுகளம். மண்ணில் செய்து கிடத்திய துரியோதனனைப் பெண்கள் துடைப்பத்தால் அடிக்கிறார்கள். ஒரு பிரதிக்குக் கிடைத்த எதிர்வினை என்று இதை எந்த விமர்சகனும் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை. நாட்டார் வழக்காறு என்று வேறு துறைக்குத் தள்ளிவிட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கம் குமாரவியாசனின் பாரதத்தைக் கமகத்தில் ஒருவர் பாட இன்னொருவர் விளக்குவதும் இதே ஏற்பாடுதான். விராட பர்வம் படித்தால் மழை வரும், வீட்டுக்குள் பாரதம் படித்தால் சண்டை வரும் என்ற நம்பிக்கைகளையும் நான் வாசிப்பின் சரித்திரத்தில்தான் சேர்ப்பேன். யாருமே படிக்காத புத்தகத்துக்குத் தடை எதற்கு?

தனி மனிதனின் வாசிப்பு கண்ணுக்குத் தெரிய யாராவது அவனை விசாரித்தாகவேண்டும் போலிருக்கிறது. இத்தாலியின் பிரியூலிப் பகுதியில் மெனோக்கியோ என்ற மாவரைப்பவன் என்னென்ன புத்தகம் படித்தான், அவற்றை எப்படித் தன் போக்கில் திரித்துக்கொண்டான் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது, 1584லும் 1599லும் மத விசாரணை மன்றம் அவனைக் குடைந்ததால். கார்லோ கின்ஸ்பர்க் 1976ல் எழுதிய புத்தகம் அந்த நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து பிறந்தது. நமக்கு அத்தகைய மன்றம் வாய்க்கவில்லை (நல்லவேளை). ஆனால் 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்றார். 1887ல் சிந்தாமணி அச்சில் வந்ததற்கு வித்து அந்த உரையாடல் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்கு அந்த அடுக்கு முக்கியம். சிறந்த ஒரு தமிழ் வித்வானின் தலைக்குள் 1880ல் என்ன இருந்தது என்பதற்கு 'என் சரித்திரம்' தருகிற சாட்சி அது. தமிழின் முதல் நாவலை 1879ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாக இருந்தவர். நம் இலக்கியத்தில் முன்சீப்புகளின் பங்கு பற்றி யாராவது எழுதலாம்.

நாவலோடுதான் மௌன வாசகன் வருகிறான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) இந்த மாற்றத்தை விரிவாகச் சொல்கிறது. கூட்டாகக் கேட்ட காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. பிரசங்கம் கேட்க யார் எங்கே உட்காரலாம் என்பதை ஜாதி நிர்ணயித்தது. வாயை மூடிப் படிக்கக் கற்றுக்கொண்டது, அடுக்களையில் ஒளித்துவைத்துக் கதை படித்த பெண்ணுக்கு ஒரு விடுதலை. அவள் என்ன நினைத்தாள் என்பது எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்தாள். 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்தது. அந்தப் பைண்டு வால்யூம்கள் வீட்டுப் பரணில் இருந்தன. குந்தவை என்றும் அருள்மொழி என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வந்தது. வியாபாரப் பத்திரிகை என்று நாம் ஒரு சொல்லில் முடித்துவிடுகிற இடத்தில், மதிப்புரைக்காரன் தொடாத ஒரு எதிர்வினை கிடக்கிறது. கல்கியைப் பற்றிய என் அபிப்பிராயத்தை அது மாற்றவில்லை. வாசகனைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றியிருக்கிறது.

1948ன் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் கிளை நூலகங்கள் சேர்த்த புத்தகங்களில் இன்னும் நேரான சாட்சி உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டு, ஓரத்தில் பென்சில். ஒரு துப்பறியும் நாவலில் முப்பதாம் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரை ஒருவர் எழுதியிருந்தார். கீழே வேறு கையெழுத்தில் அவருக்குத் திட்டு. அதற்கும் கீழே மூன்றாவது ஆள், இருவரும் தப்பு, கடைசி அத்தியாயத்தை ஒழுங்காகப் படியுங்கள் என்று. இப்படிப்பட்ட புத்தகங்களைத்தான் அட்டை கிழிந்தது, பக்கம் கறைபட்டது என்று முதலில் கழிக்கிறார்கள். யாரும் தொடாத புத்தகம் சுத்தமாக அலமாரியில் நிற்கிறது. கழித்தவை எடைக்குப் போகின்றன.