ஹார்லெமின் ஆடலரங்கும் அதன் முன்னோடிகளும் — ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆவணங்களை விட்டுச் சென்றோரின் வரலாறே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. நிலமும் பதவியும் கல்வியும் பெற்றோர் தம்மைப் பற்றிய சான்றுகளைத் தாமே உருவாக்கினர். அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டோரின் பெயர்கள் பெரும்பாலும் நீதிமன்றப் பதிவேடுகளிலும் பொலிசாரின் குறிப்புகளிலுமே எஞ்சியுள்ளன. எனினும் அத்தகையோரும் தமது கடந்தகாலத்தைப் பேணாதிருப்பதில்லை. பாடல், சடங்கு, விழா ஆகியவற்றினூடாக அவர்கள் தமக்கென ஒரு நினைவு மரபை வளர்த்துக்கொள்கின்றனர். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் தோன்றிய 'போல்றூம்' எனப்படும் ஆடலரங்கப் பண்பாடு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கறுப்பின மக்களிடையேயும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரிடையேயும் வாழ்ந்த தன்பாலீர்ப்பினரும் திருநங்கையரும் உருவாக்கிய இப்பண்பாடு, வெளித்தோற்றத்தில் உடையலங்காரமும் நடனமும் சேர்ந்த ஒரு போட்டியாகும். அப்போட்டி எவ்வாறு ஒரு சமூக நிறுவனமாகவும் வரலாற்றுப் பெட்டகமாகவும் வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் தொடக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காணலாம். ஹார்லெமில் இயங்கிய ஹமில்டன் லொட்ஜ் 710 என்னும் கறுப்பினச் சகோதர சங்கம் 1869 ஆம் ஆண்டில் முகமூடி நடன விழாவொன்றைத் தொடங்கியது. காலப்போக்கில் பெண்ணுடை தரித்த ஆண்களின் அணிவகுப்பும் அவர்களுக்கிடையிலான போட்டியும் இவ்விழாவின் முதன்மை நிகழ்ச்சிகளாயின. 1920களில் ஹார்லெம் மறுமலர்ச்சி உச்சம் பெற்றிருந்த வேளையில் றொக்லண்ட் பலஸ் மண்டபத்தில் நிகழ்ந்த இவ்விழாவைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ்க் கூடிய அரிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாக இருந்தது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1940 இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இதனைப் பற்றி எழுதியமை குறிப்பிடத்தக்கது.

இதே காலப்பகுதியில் வாஷிங்டன் நகரில் வாழ்ந்த வில்லியம் டோர்சி ஸ்வான் என்பாரின் வாழ்வு இம்மரபின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றது. ஏறத்தாழ 1860 இல் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப்பின் தம்மையொத்தோரை அழைத்து இரகசியமாக நடன விருந்துகளை நடத்தினார். தம்மை அவற்றின் 'அரசி' என அழைத்துக்கொண்டார். 1888 ஏப்ரல் மாதத்தில் பொலிசார் அவ்விருந்தொன்றினுட் புகுந்தபோது ஓடி ஒளியாது அவர்களை எதிர்த்து நின்றார். 1896 இல் ஒழுங்கீனமான இல்லம் நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பத்து மாதச் சிறைத்தண்டனை பெற்ற அவர், மன்னிப்புக் கோரி ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்துக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கூடுவதற்கான தம் உரிமையை அரசின் முன் வாதாடிப் பெற முனைந்த முன்னோடி என்ற வகையில் ஸ்வானின் இடம் தனித்துவமானது.

1930களின் பொருளாதார நெருக்கடியும் பொலிசாரின் கெடுபிடியும் ஹார்லெமின் பெருவிழாக்களை நலிவுறச் செய்தன. மரபு அறுந்துபோகவில்லையாயினும் அதனுள்ளேயே ஒரு முரண்பாடு முற்றத் தொடங்கியது. வெள்ளையர் தலைமையில் நடந்த அழகுப் போட்டிகளிற் கறுப்பினப் போட்டியாளர் பங்குபற்றலாம். ஆயின் பரிசு அவர்களுக்கு எட்டுவது அரிது. தம் தோலின் நிறத்தை வெளிறச்செய்தே மேடையேற வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் நிலவியது. சமூகத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டோர் தமக்கெனக் கட்டிய மேடையிலும் நிறபேதம் ஏறியமர்ந்துகொண்டது என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கப்பட வேண்டியதாகும்.

இம்முரண்பாடு 1967 இல் வெளிப்படையாக வெடித்தது. அவ்வாண்டில் நியூயோர்க் நகரில் நடந்த போட்டியொன்றில் வெள்ளையரான ஹார்லோ முதற்பரிசு பெற்றார். கறுப்பினப் போட்டியாளரான கிறிஸ்டல் லபெய்ஜா, முடிவு நேர்மையற்றது எனக் கூறி மேடையை விட்டு வெளியேறினார். அவரது சினமும் வாதமும் 1968 இல் வெளிவந்த 'த குயீன்' என்னும் ஆவணப்படத்திற் பதிவாகியுள்ளன. தோற்றவரின் மனக்குறை என இதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். எனினும் தொடர்ந்து நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து அக்கூற்று நிலைக்காது. 1972 இல் கிறிஸ்டலும் அவரது தோழி லொட்டியும் ஹார்லெமிற் கறுப்பினத்தவர்க்கெனத் தனி விழாவொன்றை நடத்தினர். 'லபெய்ஜா இல்லம்' என்ற பெயரில் நடந்த அவ்விழாவே இன்றைய ஆடலரங்கின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

'இல்லம்' என்னும் அமைப்பே இவ்வரங்கின் அச்சாணி எனலாம். லபெய்ஜாவைத் தொடர்ந்து டுப்ரீ, கோரி, பெண்டாவிஸ், நிஞ்சா முதலிய இல்லங்கள் தோன்றின. இலத்தீன் அமெரிக்க வழிவந்தோர்க்கென 1982 இல் எக்ஸ்ட்ராவகன்சா இல்லம் உருவாயிற்று. ஒவ்வோர் இல்லத்திற்கும் 'அன்னை'யும் 'தந்தை'யும் உளர், ஏனையோர் 'பிள்ளைகள்'. தம் இயல்பு காரணமாகப் பெற்றோரால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞர்க்கு இவ்வில்லங்கள் உணவும் உறைவிடமும் அறிவுரையும் அளித்தன. குருதியுறவு கைவிட்ட இடத்தில் ஏற்றுக்கொண்ட உறவு அதன் கடமைகளை மேற்கொண்டது. இல்லத்திற் சேர்ந்தோர் அதன் பெயரையே தம் குடும்பப் பெயராகச் சூடினர்.

இவ்வில்லங்கள் தம்முட் பொருதும் களமே 'போல்' என்னும் விழாவாகும். வாடகை குறைந்த சகோதர சங்க மண்டபங்களில், பெரும்பாலும் நள்ளிரவு கடந்தே இது நிகழ்ந்தது. உடை, முகம், நடை, நடனம் எனப் பல பிரிவுகளிற் போட்டியாளர் நடுவர் முன் தோன்றுவர். நடுவர் பத்துப் புள்ளி காட்டினால் அடுத்த கட்டம். ஒருவர் மறுப்பினும் வெளியேற்றம். எஞ்சியோர் இருவர் இருவராக மோதி இறுதியில் ஒருவர் வெற்றிக்கிண்ணம் பெறுவர். இப்பிரிவுகளுள் 'மெய்த்தோற்றம்' எனத்தக்க பிரிவு ஆய்வாளரை மிகவுங் கவர்ந்துள்ளது. அலுவலக அதிகாரியாகவோ படைவீரனாகவோ சாதாரணப் பெண்ணாகவோ ஐயத்திற்கிடமின்றித் தோன்றுவதே இதன் விதி. பகலில் மறுக்கப்பட்ட பதவிகளை இரவில் நடித்துக்காட்டியமை ஒருபுறமிருக்க, தெருவில் தாக்குதலுக்கு உள்ளாகாது வீடு திரும்புவதற்கான பயிற்சியாகவும் இது அமைந்தது. 1988 இல் வீனஸ் எக்ஸ்ட்ராவகன்சா என்னும் இளம் திருநங்கை கொலையுண்டமை அப்பயிற்சியின் தேவையை உணர்த்துவதாகும்.

இவ்வரங்கின் தலைசிறந்த கலைவடிவம் 'வோகிங்' நடனமாகும். 'வோக்' என்னும் நவநாகரிகச் சஞ்சிகையின் பெயரால் இது வழங்குகின்றது. அதிற் காணப்படும் அழகியரின் நிலைகளைப் பாரிஸ் டுப்ரீ இசைக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்த்திக் காட்டியதே இதன் தோற்றம் என்பது ஒரு வாய்மொழி வழக்கு. றைக்கர்ஸ் தீவுச் சிறையிலிருந்தோர் பொழுதுபோக்காக இதனை ஆடத் தொடங்கினர் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன: எந்தச் சஞ்சிகையின் பக்கங்களில் தமக்கு இடமிருக்கவில்லையோ, அதன் மொழியையே இவர்கள் தம் உடலால் எழுதினர். கூரிய கோடுகளைக் கொண்ட பழைய முறை, மூட்டுகளை வளைக்கும் புதிய முறை, 1990களில் வளர்ந்த நளினமும் வேகமுங் கொண்ட பெண்மை முறை என இது மூவகைப்படும். இந்நடனத்தை உலகறியச் செய்த வில்லி நிஞ்சா 2006 இல் மறைந்தார்.

1980களில் எயிட்ஸ் நோய் இச்சமூகத்தைப் பெரிதும் சூறையாடியது. அன்னையரும் பிள்ளைகளும் அடுத்தடுத்து மறைந்தனர். 1989 இல் நியூயோர்க்கில் நடந்த 'லவ் போல்' விழா இந்நோய்க்கெதிரான பணிகளுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் டொலர் திரட்டியது. 1982 இல் நிறுவப்பெற்ற 'கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்' அமைப்பு, ஆடலரங்கினுள்ளேயே லேடெக்ஸ் இல்லத்தை உருவாக்கி, பிரசுரங்களாற் கூறமுடியாத சுகாதாரச் செய்தியைப் போட்டி மேடை வாயிலாகக் கொண்டுசென்றது.

புகழ் வந்தபோது அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்ற வினாவும் எழுந்தது. 1990 இல் மடோனாவின் 'வோக்' பாடல் உலகெங்கும் ஒலித்தது. எக்ஸ்ட்ராவகன்சா இல்லத்தைச் சேர்ந்த இருவர் அதில் ஆடினர். அதே ஆண்டில் ஜெனி லிவிங்ஸ்டனின் 'பாரிஸ் இஸ் பேர்னிங்' ஆவணப்படம் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றது. படத்தில் தோன்றியோர் சிலர் தம் பங்கைக் கோரி வழக்கறிஞரை நாடினர். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளரான பெல் ஹூக்ஸ், இப்படம் வெள்ளையரின் செல்வ வாழ்வையே இலட்சியமாகக் காட்டுகின்றது எனக் கண்டித்தார். போலச்செய்தல் அதிகாரத்துக்குப் பணிவதா, அதன் போலித்தன்மையை அம்பலமாக்குவதா என்னும் வினாவை ஜூடித் பட்லர் 1993 இல் விரிவாக ஆராய்ந்தார். ஆயின் இவ்விவாதங்கள் மேடையை நோக்கிய அளவுக்கு மேடைக்குப் பின்னிருந்த இல்லங்களை நோக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. டெட்ரொயிட் நகர ஆடலரங்கை ஆராய்ந்து மார்லன் பெய்லி 2013 இல் வெளியிட்ட நூல், உறவும் பராமரிப்புமாகிய உழைப்பையே இப்பண்பாட்டின் அடித்தளமாகக் கண்டது.

ஆடலரங்கு வரலாற்றுப் பெட்டகமாவது விழாவின் தொடக்கத்திலேயே புலனாகும். போட்டிக்கு முன்னர் அறிவிப்பாளர் முன்னோடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக விளிப்பார். பல்லாண்டு வெற்றியால் 'லெஜண்ட்' எனவும், அரங்கின் போக்கையே மாற்றியமையால் 'ஐக்கன்' எனவும் மதிப்புப் பெற்றோர் நடுவே நடந்துவர, இளையோர் ஆரவாரித்து வரவேற்பர். யார் யாருக்குப் பின் வந்தார், எந்த அசைவை எவர் தந்தார் என்பதை இளைஞன் ஒருவன் அங்கேதான் கற்றுக்கொள்கிறான்.

இறுதியாக, ஸ்வானையும் லபெய்ஜாவையும் ஒப்புநோக்குதல் தகும். ஸ்வானின் பெயரைக் காத்தவை கைது பற்றிய பத்திரிகைச் செய்திகளும் அரசு நிராகரித்த விண்ணப்பமுமேயாம். நூறாண்டுக்கு மேற்பட்ட மறதியின் பின்னர், ஆய்வாளர் ஒருவரின் தேடலாலேயே அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. கிறிஸ்டல் லபெய்ஜாவின் பெயரோ ஒருநாளும் மறக்கப்படவில்லை. அவரை நேரிற் கண்டிராத இளைஞர் இன்றும் அதனைத் தம் குடும்பப் பெயராகத் தாங்கி மேடையேறுகின்றனர். முன்னதைப் பேணியது ஒடுக்கியோரின் ஏடு. பின்னதைப் பேணுவது ஒடுக்கப்பட்டோர் தாமே கட்டிய இல்லம். எழுத்திலுள்ள சான்றை மட்டுமே தேடிச் செல்லும் வரலாற்று மாணவன் முன்னதைக் கண்டு பின்னதைத் தவறவிடுவான். அத்தவறு நேராதிருக்க, விழாக்களையும் விளையாட்டுகளையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு கற்பது இன்றியமையாததாகும்.