கரைசற் கொள்கையும் கரைவாகுக் கிணறுகளும்

உப்பு நீரிற் கரைகின்றது என்பதை அறியாதார் இல்லை. ஆயின், கரைந்த உப்பு எங்கே சென்றது, என்ன வடிவில் நீருள் உறைகின்றது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை காண்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்விடையின் வரலாற்றை ஐரோப்பிய ஆய்வுகூடங்களோடு முடித்துவிடுவது நம் பாடநூல்களின் வழக்கம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாளுக்குப் பின்னர், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய கரைவாகுப் பற்று ஊர்களின் கிணற்றடிகளில் அதே வினா மீண்டும் எழுந்தது. அப்போது அது குடிநீர் பற்றிய வினாவாக எழுந்தது.

முதலில் கொள்கையின் கதையை நோக்குவோம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டவராகிய கசந்தி, நீரினுள் நுண்ணிய துளைகள் உள்ளன என்றும், உப்பின் துகள்கள் தமக்குப் பொருத்தமான துளைகளிற் புகுந்து அமர்கின்றன என்றும் கருதினார். உப்பினால் நிரம்பிய கரைசல் பின்னரும் படிகாரத்தைக் கரைப்பதை அவர் இதற்குச் சான்றாகக் கொண்டார். படிகாரத்துக்கு வேறு வடிவத் துளைகள் எஞ்சியுள்ளன என்பது அவர் விளக்கம். விளக்கம் பிழைத்தது, ஆனால் அவர் கண்ட தோற்றப்பாடு உண்மையானதே. இன்றும் ஆய்வுகூடத்தில் அதைச் செய்து காட்டலாம்.

1834இல் பரடே ‘அயன்’ என்னும் சொல்லை வழங்கினார். மின்னோட்டம் செலுத்தும்போதே அயன்கள் பிரிகின்றன என்பது அக்கால எண்ணம். சுவீடன் தேசத்து அறேனியசு 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டிலிருந்து வளர்த்து, 1887இல் முழுமையாக வெளியிட்ட கொள்கை வேறு. மின்னோட்டம் இல்லாதபோதும் உப்பு நீரினுள் அயன்களாகப் பிரிந்தே இருக்கின்றது என்றார் அவர். ஆய்வேட்டுக்குக் கிடைத்த தரம் மிகத் தாழ்ந்தது. 1903இல் அதே கொள்கைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேர்வாளர்கள் அன்று என்ன நினைத்தனரோ! அவருக்குத் துணைநின்ற சான்றுகளுள் ஒன்று எளிமையானது. சீனிக் கரைசலிலும் உப்புக் கரைசலிலும் சம மூல் அளவு கரையம் இருப்பினும், உப்பு நீரின் உறைநிலையை ஏறத்தாழ இரு மடங்கு தாழ்த்துகின்றது. ஒன்று இரண்டாகப் பிரிந்திருந்தாலன்றி இது நிகழாது. பின்னர் 1913இல் பிராக் தந்தையும் மகனும் உப்புப் பளிங்கை ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, திண்ம நிலையிலேயே அங்கு சோடிய அயனும் குளோரைட்டு அயனும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளமை தெரிந்தது. நீர் மூலக்கூறுகள் தம் மின்முனைகளால் அவ்வயன்களைப் பற்றி இழுத்துச் சூழ்ந்துகொள்கின்றன. நாம் கரைதல் என்பது இதுவே.

தமிழில் இவ்வியல் பேசப்பட்டது அறேனியசுக்கும் முந்தியே என்பதை இங்கே குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். கல்முனைக் கரையோர ஊர்கள், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கி அமைந்தவை. வடகீழ்ப் பருவமழை மணலினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளமையால் அதன் அடர்த்தி நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கு மிகுதி. ஆகவே, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால், கீழே நாற்பதடிவரை நன்னீர் நிற்கும் என்பது கிபெனும் கேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந் தருவது: இறைத்து மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், உவர்நீர் நாற்பதடி மேலெழ முனையும்.

ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. எஞ்சியோரின் கிணறுகளைக் கடல்நீர் மேலிருந்தே நிரப்பிற்று. குடிநீரிற் குளோரைட்டு ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராமை அணுகும்போதே நாவில் உப்புக் கரிக்கத் தொடங்கும். கடல்நீரிலோ லீற்றருக்கு 19 கிராமுக்கு மேல் உண்டு. எண்பது குடம் நன்னீரைக் கெடுக்க ஒரு குடம் கடல்நீர் போதும் என்பது இதன் பொருள். கொதிக்க வைத்தால் கிருமி மாயும். நீர் ஆவியாக, உப்பின் செறிவு கூடும். துணியில் வடித்தாலும் படிகாரம் இட்டாலும் மிதக்கும் அழுக்கு நீங்குமேயன்றி, அயன் நீங்காது. தெளிந்த நீர் நல்ல நீர் என்னும் பழக்கம் இங்கே பயன்படவில்லை.

எனவே கிணறுகளை இறைத்தனர். கிழக்குக் கரையெங்கும் உதவிக்கு வந்தோர் இயந்திரங் கொண்டு இறைத்தனர், குளோரின் இட்டனர், உப்பு நீங்காமை கண்டு மீண்டும் இறைத்தனர். சேறும் குப்பையும் அகல முதல் இறைப்பு இன்றியமையாததே. ஆனால் கிணற்றைச் சூழ்ந்த மணலெங்கும் உவர்நீர் ஊறியிருந்தது. வெற்றாக்கிய கிணற்றுள் அதுவே மீண்டும் வந்து நிறைந்தது. அடியிலிருந்து உவர்நீர் மேலெழவும் அவ்விறைப்பு இடந்தந்தது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர் மட்டக்களப்புப் பகுதிக் கிணறுகளை அளந்து, மீண்டும் மீண்டும் இறைப்பதனாற் பயனில்லை என எடுத்துரைத்தனர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட வேலையைக் குறைகூறுதல் எளிது. தாகத்தோடு நிற்பவரிடம் பொறுத்திருங்கள் எனச் சொல்லுதல் எளிதன்று. பவுசர்களிற் கொணர்ந்த நீருக்காக மக்கள் வரிசையில் நின்ற மாதங்கள் அவை.

உப்பை அகற்றியதிற் பெரும்பங்கு மழைக்குரியது. மேலிருந்து இறங்கிய புதுநீர் உவர்நீரை ஐதாக்கியது. அடர்த்தி மிகுந்ததாகையால் உவர்நீரின் ஒரு பகுதி தானே கீழ்நோக்கி அமிழ்ந்தது. எஞ்சியது நிலத்தடி ஓட்டத்தோடு கடலை நோக்கி நகர்ந்தது. அலை வந்தது பருவமழைக் காலத்தின் நடுவில். அம்மழையின் எச்சம் முதற் கழுவலைச் செய்தது. அடுத்து வந்த நீண்ட கோடையில் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. மிகுதிக்கு 2005இன் இறுதியில் தொடங்கிய பருவமழை வரை மக்கள் காத்திருக்க நேர்ந்தது.