புட்டியின் மேல் ஒரு பெயர்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் விளையும் ‘பெத்ரூஸ்’ இன்று உலகின் மிக விலையுயர்ந்த சிவப்பு ஒயின்களில் ஒன்று. 1855இல் போர்தோ ஒயின்களைத் தரவரிசைப்படுத்தியபோது அது விளையும் பொமெரோல் ஊரை யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஒரு பெண். ஒயின் வரலாறு அவரை ‘மதாம் எட்மோன் லூபா’ என்றே குறிக்கிறது. எட்மோன் என்பது கணவர் பெயர். மரி லூயிஸ் என்ற அவருடைய சொந்தப் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து லிபூர்ன் நகரில் விடுதி நடத்தியவர் அவர். 1925 முதல் தோட்டத்தின் பங்குகளைச் சிறுகச் சிறுக வாங்கி, 1940களின் முடிவுக்குள் முழு உரிமையாளர் ஆனார். அவர் வாங்கத் தொடங்கியபோது நடப்பிலிருந்தது நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டம். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அவன் ஒப்புதலின்றி அவள் சொத்து வாங்கவோ விற்கவோ கூடாது. கீழ்ப்படிதல் கடமை நீங்கியது 1938இல். கணவன் அனுமதியின்றி வங்கிக் கணக்குத் தொடங்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கைம்பெண்ணுக்கு இந்தத் தடை இல்லை. ஷாம்பெய்ன் நாட்டில் பார்ப் நிக்கோல் பொன்சார்தேன் 1805இல், 27 வயதில் கணவனை இழந்த பிறகே தொழிலை ஏற்று நடத்த முடிந்தது. ‘வெவ் கிளிக்கோ’ என்றால் ‘கைம்பெண் கிளிக்கோ’. நம் ஊரில் பெண்ணை மூலையில் உட்காரவைத்த கைம்மை, அங்கே அவளுக்கு வணிக உரிமமாக இருந்தது. இரண்டிலும் அவளை அளந்த கோல் கணவன்தான்.

1956 பிப்ரவரியில் கடும் உறைபனி பொமெரோலின் கொடிகளைக் கருக்கியது. பலர் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். லூபா மறுத்தார். கருகிய தண்டுகளை நிலத்தையொட்டி வெட்டி, பழைய வேரிலிருந்தே துளிர்க்கவிட்டார். அப்போது அவர் முதியவர். விளைச்சல் திரும்பும்வரை வருமானம் இராது என்று தெரிந்தே செய்தார். எனக்கு அவருடைய சொத்தைவிட இந்தப் பிடிவாதம்தான் பெரிதாகப் படுகிறது.

பெத்ரூஸின் கட்டுமானம் அந்த வேர்களைச் சார்ந்தது. மெர்லோ பொதுவாக மென்மையான திராட்சை. பெத்ரூஸின் களிமண்ணில் அது இறுகிய ஒயினைத் தருகிறது. தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், பாக்கு மென்றாற்போல நாவைப் பிடிக்கும். புட்டிக்குள் பல ஆண்டுகள் கிடந்தே அந்தத் துவர்ப்பு தணியும். (மாதவிலக்கான பெண் தொட்டால் புது ஒயின் புளித்துவிடும் என்று முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார் ரோமானியர் பிளினி. ஊறுகாய்ப் பானையை நினைத்துக்கொண்டேன்.)

1961இல் லூபா இறந்தார். பிள்ளைகள் இல்லை. தோட்டத்தை உறவினர் இருவருக்குப் பகிர்ந்துவிட்டு, தன் ஒயினை விற்றுவந்த வணிகர் ழான் பியேர் முவேக்ஸுக்கும் ஒரு சிறு பங்கு எழுதிவைத்திருந்தார். வாரிசுகளுக்குள் தகராறு வந்தால் தீர்ப்பதற்கு அது பயன்படும் என்பது கணக்கு. அந்தச் சிறு பங்கிலிருந்துதான் முவேக்ஸ் குடும்பம் தோட்டத்தைக் கைக்கொண்டது.