கோரேகாவ் முதல் பெங்களூர் வரை: கிளை ஆய்வகத்தின் கேள்வி யாருடையது?

அன்றைய சிபா மருந்து நிறுவனத்தில் ஒரு புதிய வேதிப்பொருள் உருவானபோதெல்லாம், அதன் எண்ணோடு பிறந்த ஊரின் அடையாளமும் ஒட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் பாசெலில் உருவானதற்கு ‘பா’, மும்பையின் கோரேகாவில் உருவானதற்கு ‘கோ’. மனச்சோர்வுக்கான சின்டமில், அமீபா தொற்றுக்கான சாட்ரனிடசோல் இரண்டும் ‘கோ’ முத்திரை பெற்றவை. பன்னாட்டு நிறுவனங்கள் ஆராய்ச்சிப் பணியை வெளிநாட்டுக் கிளைகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கின்றன என்று ஆராய்ந்த அறிஞர்கள், இத்தகைய ஆய்வகங்களை அவை தொடங்கப்பட்ட நோக்கத்தை வைத்தே பெரும்பாலும் வகைப்படுத்தினார்கள். 1966இல் ரேமண்ட் வெர்னன் முன்வைத்த பொருள் சுழற்சிக் கோட்பாட்டின்படி, புதுமை தாய்நாட்டில் பிறக்கும். முதிர்ந்த பொருளின் உற்பத்திதான் கடல் கடக்கும். 1997இல் வால்டர் கியூமெர்லே வெளிநாட்டு ஆய்வகங்களை இரண்டாகப் பிரித்தார்: தலைமையகத்தின் அறிவை உள்ளூர்ச் சந்தைக்குப் பொருத்துபவை ஒரு வகை, உள்ளூர் அறிவைத் திரட்டித் தலைமையகத்துக்கு அனுப்புபவை இன்னொரு வகை. இந்தியாவில் அயல்நாட்டு மருந்து நிறுவனங்கள் நடத்திய ஆய்வகங்களின் வரலாற்றை விளக்க இந்தப் பிரிவினை போதவில்லை. வேலை கிளைக்கு வந்தது. அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் உரிமை வரவில்லை. ஆய்வகங்களின் ஆயுளை அளந்தது அந்த உரிமைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோரேகாவ் மையத்தை 1963இல் நேரு திறந்துவைத்தார். அதற்கு இயக்குநராகப் போனவர் சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த வேதியியலர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோஃபோரின் உள்ளிட்ட தாவரப் பொருள்களின் அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். பாசெலில் தீட்டிய திட்டத்துக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கும் நிறுவனம் இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் போயிருக்காது. அமீபா, குடற்புழு என்று இந்திய உடலிலிருந்தே எழுந்த கேள்விகளை அந்த மையம் கையில் எடுத்தது. அதனால்தான் ‘கோ’ முத்திரைக்குப் பொருள் இருந்தது.

மும்பையின் முலுண்டில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் 1972இல் தொடங்கிய மையத்தின் கதை இன்னும் தெளிவானது. இந்திய மருத்துவ மூலிகைகளை வரிசையாகச் சோதித்துவந்த அந்த மையம், ஒரு கூர்க்கன் செடியின் வேரிலிருந்து ஃபோர்ஸ்கோலினைப் பிரித்தெடுத்தது. அது ரத்த அழுத்தத்தைக் குறைத்தது, இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டியது. ஃபோர்ஸ்கோலின் பற்றி 1977இல் வெளியான கட்டுரையில் மும்பை வேதியியலர்களோடு ஜெர்மன் வேதியியலர்களும் ஆசிரியர்கள். அதே காலத்தில் லக்னோவிலிருந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமை முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சேராது. செல்லுக்குள் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை ஃபோர்ஸ்கோலின் நேரடியாகத் தூண்டுகிறது என்று 1981இல் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கண்டறிந்தார்கள். அதற்குப்பின் உலகெங்கும் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் அது அன்றாடக் கருவியாகிவிட்டது. ஆனால் நீரில் எளிதில் கரையாத அந்தப் பொருளை மாற்றியமைத்து, இதயச் செயலிழப்புக்கான ஊசிமருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் நிப்பான் கயாகு. கண்டுபிடித்த நிறுவனத்துக்குள் அந்த மூலக்கூறு கடைசிவரை ஏந்திச்செல்லப்படவில்லை. முலுண்ட் மையமே 1998இல் நிக்கோலஸ் பிராமல் என்ற இந்திய மருந்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. செடி மட்டும் சேலம் வட்டாரத்து வயல்களில் மருந்துக் கூர்க்கனாக இன்றும் பயிராகிறது.

இத்தகைய ஆய்வகங்கள் நிலைக்காததற்குக் காரணம் காப்புரிமைச் சட்டம்தான் என்று சொல்வார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமையை மறுத்தது. செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1972ஆம் ஆண்டிலேயே ஹெக்ஸ்ட் தன் மையத்தைத் திறந்தது. பொருள் காப்புரிமை 2005இல் திரும்பி ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆஸ்ட்ராசெனெகா தன் பெங்களூர் ஆராய்ச்சியை மூடியது. சட்டத்தின் முள் ஒரு பக்கம் போக, ஆய்வகங்கள் மறுபக்கம் போயிருக்கின்றன. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அந்நிய நிறுவனங்களின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டம், உயர் தொழில்நுட்பம் காட்டியவர்களுக்குச் சலுகை தந்ததால், ஆய்வகங்கள் தில்லிக்குக் காட்டும் அடையாள அட்டைகளாக இருந்தன என்பது. இதில் உண்மை இருக்கிறது. 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் அந்த அட்டைக்கு மதிப்புக் குறைந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் சிபா, ஹெக்ஸ்ட் மையங்கள் இரண்டும் அச்சட்டத்துக்கு முன்பே தோன்றியவை. சட்டம் அவற்றைச் சில காலம் தாங்கியிருக்கலாம், பெற்றெடுக்கவில்லை.

இந்திய ஆய்வின் தரம் போதவில்லை என்ற பேச்சுக்குப் பதில் இங்கிலாந்திலேயே கிடைக்கிறது. அமெரிக்க ஃபைசரின் சான்ட்விச் ஆய்வகம் ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினையும், நெஞ்சுவலிக்காகத் தொடங்கி ஆண்மைக் குறைபாட்டு மருந்தாகப் போய் முடிந்த சில்டெனாஃபிலையும் தந்தது. கம்பெனிக்கு அவை பெரும் வருவாய். இருந்தும் 2011 பிப்ரவரியில் சான்ட்விச்சை விட்டு வெளியேறுவதாக ஃபைசர் அறிவித்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 2,400 பேர். எதிர்த் திசையில் ஐபிஎம்மின் ஜூரிச் ஆய்வகம் நிற்கிறது. 1956இல் தொடங்கிய அது, 1986இலும் 1987இலும் அடுத்தடுத்து இயற்பியல் நோபல் பரிசுகளைக் கண்டது. இரண்டாவது பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான அலெக்ஸ் முல்லர், தன் கேள்வியைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உள்ள ‘ஃபெல்லோ’ பதவியில் இருந்தார். அந்தச் சுதந்திரமும் நியூயார்க் மாநிலத்துத் தலைமையகம் கொடுத்ததுதான் என்பதை மறக்கக் கூடாது.

பெங்களூரில் ஸ்வீடனின் ஆஸ்ட்ரா 1980களில் விதைத்த மையம், 1999இல் ஆஸ்ட்ராசெனெகா உருவானபின் காசநோயை முதன்மைப் பணியாக ஏற்றது; 2003இல் அதற்கென்றே புதிய ஆய்வகம் எழுந்தது. கியூமெர்லேயின் கணக்கில் இதைவிடப் பொருத்தமான ஒப்படைப்பு இருக்க முடியாது: நோய் இங்கே, நோயாளி இங்கே, நுண்ணுயிரியலர்களும் இங்கே. வாங்கும் சக்தியுள்ள சந்தை மட்டும் இங்கே இல்லை. 2014 ஜனவரியில் மூடல் அறிவிப்பு வந்தது. அங்கே உருவான டிபிஏ-7371 என்ற மூலக்கூறு பிற்பாடு மனிதர்களிடம் சோதிக்கப்பட்டபோது, அதை முன்னெடுத்தவை இலாபநோக்கற்ற அமைப்புகள்.